குறைவு வேறு, களவு வேறு: வேலையை விட்டபின் வரும் திருட்டுப் புகார்

வேலையை விட்டுப் போனவர்மேல் பழைய முதலாளி திருட்டுப் புகார் கொடுக்கும்போது, பெரும்பாலும் அவர் கையில் இருப்பது திருட்டுக்கான சான்று அல்ல. ஒரு கணக்கும், அந்தக் கணக்கில் ஒரு குறைவும் மட்டும்தான். வெள்ளி இத்தனை கிராம் வரவில்லை, மிளகு இத்தனை கிலோ இருப்பில் இல்லை, கல்லாவில் இத்தனை ரூபாய் இடிக்கிறது. கடைசியாகச் சாவி யார் கையில் இருந்ததோ அவர் பெயர் புகாரில் ஏறிவிடும். அவர் அப்போது வேலையில் இல்லாதது முதலாளிக்கு இன்னும் வசதி. எதிர்த்துக் கணக்குக் காட்ட ஆள் இருக்காது.

இந்தக் குறைவு திருட்டாக மாறும் இடம் பெரும்பாலும் நீதிமன்றம் அல்ல. கடையின் பின்னறையில், 'சும்மா ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போப்பா' என்று நீட்டப்படும் ஒரு தாளில் அது மாறிவிடுகிறது. அந்தத் தாளுக்கு முன்னும் பின்னும் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைச் சேலம் வட்டாரத்துத் தொழில்களை வைத்துப் பார்ப்போம்.

முதலில் சட்டம் எதைத் திருட்டு என்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதன் 303ஆம் பிரிவின்படி திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். பொருள் அசையும் பொருளாக இருக்க வேண்டும். அது இன்னொருவர் வசம் இருந்திருக்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் அதை நகர்த்தியிருக்க வேண்டும். வேலைக்காரர் முதலாளி வசமிருந்த பொருளைத் திருடினால் 306ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை தண்டனை. பொருளை முதலாளியே நம்பி ஒப்படைத்து, பணியாள் அதைத் தனக்கென்று ஆக்கிக்கொண்டால் அது திருட்டில் சேராது. அது நம்பிக்கை மோசடி, 316ஆம் பிரிவு. பணியாளர் செய்தால் அதன் 4ஆம் உட்பிரிவு, அதற்கும் 7 ஆண்டு வரை. வேலையை விட்டபின் உள்ளே புகுந்து எடுத்ததாகச் சொன்னால் 306 பொருந்தாது, ஏனென்றால் அப்போது அவர் வேலைக்காரர் இல்லை. சம்பவம் 2024 ஜூலைக்கு முந்தையது என்றால் குற்றப்பிரிவுகள் பழைய சட்டத்தின் 379, 381, 408 என்றுதான் வரும். விசாரணை நடைமுறை மட்டும் புதியது.

எந்தப் பிரிவு என்பது வழக்கறிஞர் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரம் என்று விட்டுவிடக் கூடாது. எதை மறுக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. திருட்டு என்றால் 'நான் எடுக்கவில்லை' என்பது பதில். நம்பிக்கை மோசடி என்றால் 'என்னிடம் எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம், நான் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு' என்று கணக்குப் பேச வேண்டும். நம்பிக்கை மோசடியில் ஒப்படைப்பை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு புகார் கொடுத்தவர் பக்கம் இருக்கிறது. ஒரே சம்பவத்துக்கு நம்பிக்கை மோசடியும் ஏமாற்றுக் குற்றமும் ஒருசேரப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் சொன்னது. ஆனாலும் கையில் கிடைத்த பிரிவுகளையெல்லாம் அள்ளிப் போட்ட எஃப்.ஐ.ஆர்.கள் இன்னும் வருகின்றன.

செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். வெள்ளி எடை போட்டுக் கொடுக்கப்படுகிறது. உருக்கும்போது கொஞ்சம் போகும், கம்பி இழுக்கும்போதும் அறுக்கும்போதும் தூளாகப் போகும், பற்றவைக்கும்போது, அமிலத்தில் போடும்போது, மெருகு போடும்போது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போகும். இதற்காகத்தான் சேதாரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணையும் துடைத்த துணியையும் எரித்து வெள்ளி மீட்பதும் இதே காரணத்துக்குத்தான். ஒரு மாதம் குறைவு அதிகமாகத் தெரிந்தால் முதலில் கேட்க வேண்டியவை: இந்தக் கொலுசு மாடலுக்குச் சேதாரம் எத்தனை சதவீதம் என்று பேசியது? கொடுத்த கட்டியின் டச் (வெள்ளியின் தூய்மை அளவு) என்ன, திரும்பி வந்த சரக்கின் டச் என்ன? கூட்டிய தூளை யார் எடுத்துக்கொண்டார்கள்? பற்றவைக்கும் பொடியின் எடையைச் சேர்த்தார்களா, கழித்தார்களா? இவற்றுக்கெல்லாம் பதில் எடைச் சீட்டில் இருக்க வேண்டும். பல பட்டறைகளில் அந்தச் சீட்டு முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கும், தொழிலாளி கையில் நகல் இருக்காது. அதனால் இன்னும் வேலையில் இருப்பவர்கள் ஒவ்வொரு எடைக்கும் நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. முதலாளி முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அந்தப் படம் இல்லாவிட்டால், ஒப்படைத்ததாகச் சொல்லப்படும் எடை முதலாளி வாயில் வருவதுதான்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் கதை கொஞ்சம் மாறும். அங்கே குறைவை உண்டாக்குவது பெரும்பாலும் ஈரம்தான். பறித்த காப்பிப் பழம் ஏறக்குறைய 6 கிலோ போட்டால்தான் 1 கிலோ சுத்தக் கொட்டை கிடைக்கும். பச்சை மிளகு காய்ந்தால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். பழமாக எடை போட்டு எழுதிய பதிவேட்டையும், களத்தில் காய்ந்தபின் மூட்டை கட்டி எழுதிய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்டோர் பார்த்த ஆள் திருடிவிட்டான் என்று முடிவுகட்டுவது கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நடக்கிற காரியம். முழுதாகக் காயாத சரக்கை மூட்டை கட்டினாலும், இரண்டு மாதம் கழித்துத் திரும்ப எடை போடும்போது குறையத்தான் செய்யும். இருப்பு எடுத்த தேதி, அன்று ஈரப்பதம் பார்த்தார்களா, எந்தத் தராசு, தராசில் எடையளவுத் துறை முத்திரை நடப்பில் இருந்ததா, சாவி எத்தனை பேரிடம் இருந்தது, நீங்கள் பொறுப்பை ஒப்படைத்த பிறகு யார் யார் ஸ்டோரைத் திறந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே வழக்கின் முக்கால்வாசி தெரிந்துவிடும். பறிப்புக் காலத்தில் வேலையை விட்டு, இருப்புச் சரிபார்ப்பு ஏப்ரலில் நடந்திருந்தால், நடுவில் இருந்த மாதங்களுக்கு நீங்கள் பொறுப்பில்லை.

நகரத்துக் கடைகளில் இப்போது அதிகம் சிக்க வைப்பது க்யூஆர் அட்டை. கடை ஸ்கேனர் வேலை செய்யாத நாளில் 'உன் நம்பருக்கு ஜிபே வாங்கி, கல்லாவுல ரொக்கமா வச்சிருடா' என்று முதலாளியே சொல்லியிருப்பார். ஒரு வருடம் கழித்து அந்த வரவுகள் மட்டும் வங்கிக் கணக்கில் தெரியும், கல்லாவில் வைத்த ரொக்கத்துக்குச் சாட்சி இருக்காது. அப்படி வாங்க நேர்ந்தால் அன்றைக்கே முதலாளிக்கு 'இன்று என் கணக்கில் வந்தது இவ்வளவு, கல்லாவில் வைத்துவிட்டேன்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். ஏற்கனவே நடந்துவிட்டது என்றால் வங்கி அறிக்கை முழுவதையும் எடுத்து, ஒவ்வொரு வரவுக்கும் அன்றைய பில் எண்ணைத் தேடிக் குறித்து வையுங்கள். இதைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து செய்ய முடியாது.

முன்பணம் இன்னொரு தலைவலி. பட்டறையிலோ தறியிலோ சூளையிலோ வாங்கிய முன்பணம் தீராமல் ஆள் போய்விட்டால், அவரைத் திரும்பக் கொண்டுவரத் திருட்டுப் புகாரை ஆயுதமாக எடுக்கிறார்கள். முன்பணப் பாக்கி கடன். அதைக் கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போகலாம், திருட்டாக ஆக்க முடியாது. பாக்கியைக் காட்டி ஆளை வேலையை விட்டுப் போகவிடாமல் கட்டிவைத்தால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் முதலாளிமேல் பாயும். அந்தப் புகாரைக் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ கொடுக்க வேண்டும்.

இனி அந்தப் பின்னறை. 'கணக்கை முடிச்சுக்கலாம், வா' என்று கூப்பிடுவார்கள். போவது கட்டாயம் இல்லை. போவதானால் பகலில், வீட்டில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று ஒருவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் போங்கள். அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, போனை வாங்கி வைத்துக்கொண்டு, போக விடாமல் வைத்திருந்தால் அது நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவின்படி சட்டவிரோதமாக அடைத்துவைத்தல். ஒப்புதல் வாங்கவோ பொருளைப் பிடுங்கவோ அடைத்து வைத்தால் தண்டனை இன்னும் கூடும். அடித்து ஒப்புக்கொள்ள வைத்தால் 120ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அடிபட்டிருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், யார் எங்கே அடித்தார்கள் என்று மருத்துவரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். மூன்று நாள் கழித்துப் போனால் காயமும் ஆறியிருக்கும், கதையும் பலவீனமாகிவிடும்.

நீட்டப்படும் தாளில் வழக்கமாக மூன்று வாக்கியம் இருக்கும்: நான் இன்னது எடுத்தேன், இவ்வளவு ரூபாய் தருகிறேன், யாருடைய வற்புறுத்தலும் இல்லை. மூன்றாவது வாக்கியம்தான் அதில் முக்கியம், பின்னாளில் மிரட்டினார்கள் என்று சொல்லவிடாமல் அடைக்கத்தான் அது. மிரட்டியோ ஆசை காட்டியோ அதிகாரத்தில் இருப்பவர் வாங்கிய ஒப்புதல் செல்லாது என்று, பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. 23ஆம் பிரிவின்படி காவல்துறை அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலையும் குற்றவாளிக்கு எதிராகக் காட்ட முடியாது. அதன்மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு தொடர்புள்ள பகுதி மட்டும் சேரும். எனவே தாளில் கையெழுத்துப் போட்டதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆனால் அது மிரட்டி வாங்கியது என்று காட்டும் வேலை உங்கள் தலையில் விழுந்துவிடும். ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தால், நாள் தள்ளாமல் முதலாளிக்குப் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் ஒரு கடிதம்: இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்னார் இருக்கையில், இப்படி வாங்கப்பட்டது, அதை ஏற்கவில்லை. நகலும், கடிதம் சேர்ந்ததற்கான ஒப்புகையும் உங்களிடம் இருக்க வேண்டும்.

'பிரச்சனை வேண்டாம், கொஞ்சம் கொடுத்து முடிச்சுக்கலாம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மானத்துக்குப் பயந்து சொல்வது. அந்தப் பணம் பிற்பாடு ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாக நிற்கும். உண்மையாகவே பாக்கி இருந்து கொடுத்துத் தீர்ப்பதானால், 'கணக்குக் குறைவு பற்றிய சச்சரவைத் தீர்க்கத் தரப்படுகிறது, எந்தக் குற்றச்சாட்டையும் ஏற்கவில்லை, இனி இருதரப்புக்கும் கோரிக்கை இல்லை' என்று எழுதி, முதலாளியின் கையெழுத்தையும் வாங்கி, பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

வேலைக்குச் சேரும்போதே வாங்கி வைத்த வெற்றுக் காசோலையும் எழுதாத புரோநோட்டும்தான் என் கணிப்பில் திருட்டுப் புகாரைவிட ஆபத்தானவை. திருட்டு வழக்கில் நிரூபிக்க வேண்டியவர் எதிர்த் தரப்பு. காசோலை வழக்கில் அது தலைகீழ். செலாவணி ஆவணச் சட்டத்தின் 139ஆம் பிரிவு, காசோலை கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே ஊகித்துக்கொள்ளும். கையெழுத்து மட்டும் போட்டு மற்றதை வெற்றாக விட்டுக் கொடுத்த காசோலைக்கும் இந்த ஊகம் உண்டு என்று 2019இல் பிர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் வேலையை விடும்போதே காசோலை எண்களைக் குறிப்பிட்டுத் திருப்பிக் கேட்டுக் கடிதம் அனுப்பிவிட வேண்டும். எண் நினைவில்லை என்றால் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையில் பாருங்கள், அல்லது பயன்படுத்தாத எண்களை வங்கியில் கேளுங்கள். வங்கியில் பணம் தர வேண்டாம் என்று நிறுத்தி வைத்தாலும் 138ஆம் பிரிவு வழக்கு வரலாம். ஆனாலும் காரணத்தோடு முன்கூட்டியே எழுதிய கடிதம் பின்னாளில் ஊகத்தை உடைக்கக் கைகொடுக்கும். காசோலை திரும்பி, 138 அறிவிப்பு வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள்தான். அதற்குள் பதில் போக வேண்டும்: இந்தக் காசோலை வேலைக்குப் பிணையாக வாங்கப்பட்டது, கடன் எதுவும் இல்லை, இன்ன தேதியிலேயே திருப்பிக் கேட்டுவிட்டேன் என்று.

அடுத்தது காவல் நிலையம். தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கொடுப்பார்கள். பிறகு ஒரு போன்: 'ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க'. முதலில் மரியாதையாக மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த நிலையம், சி.எஸ்.ஆர். எண்ணா குற்ற எண்ணா, எந்தப் பிரிவின் கீழ் அழைக்கிறீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால் வந்த வசதி அது. அதைப் படிக்காமல் எந்த விளக்கமும் சொல்ல வேண்டாம்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 35(3) அறிவிப்பு வந்தால் நீங்கள் சந்தேகத்துக்குரியவர் என்று பொருள். 179 என்றால் சாட்சியாக அழைக்கிறார்கள். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகளை 179ன் கீழ் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும், நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. 35(3) அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை ஒரு சாக்காக வைத்துப் போகாமல் இருந்துவிட வேண்டாம். 'எழுத்தில் அறிவிப்புத் தந்தால் குறித்த நேரத்தில் வருகிறேன்' என்று பதில் எழுதுங்கள். 35(3) அறிவிப்புக்குச் சரியாக ஆஜராகிக்கொண்டே இருப்பவரை, காரணத்தை எழுதிப் பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது. 306, 316(4) இரண்டுக்குமே அதிகபட்சம் 7 ஆண்டு என்பதால், அர்னேஷ் குமார் வழக்கின் 2014 தீர்ப்பு இவற்றுக்கு அப்படியே பொருந்தும். ஏன் கைது அவசியம் என்று காவல்துறை எழுத்தில் சொல்ல வேண்டும், அதை நீதித்துறை நடுவர் பார்த்துத்தான் காவலுக்கு அனுப்ப வேண்டும்.

விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க 38ஆம் பிரிவு உரிமை தருகிறது. விசாரணை முழுவதும் பக்கத்தில் உட்கார வைக்கும் உரிமை அல்ல, இடையில் சந்திக்கும் உரிமை. காவல்துறையிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தேவையில்லை, வாங்கவும் கூடாது என்று 181 சொல்கிறது. 'எழுதிக் கொடுத்துட்டுப் போ' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அறிவிப்பைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையெழுத்திட்டு, நேரத்தையும் தேதியையும் நீங்களே பக்கத்தில் எழுதுங்கள். பணத்தை வசூலித்துக் கொடுப்பது காவல்துறையின் வேலை இல்லை. நிலையத்தில் முதலாளியை எதிரே உட்கார வைத்துத் தவணை பேசினால் அதற்குப் பெயர் கட்டப்பஞ்சாயத்து. நிலையங்களில் கேமரா பொருத்தச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2020 உத்தரவு இங்கே உதவும்; எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை உள்ளே இருந்தீர்கள் என்று குறித்து வைத்து, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதலாம்.

அந்த மேலதிகாரி யார் என்பதில் சேலத்துக்காரர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள். செவ்வாய்ப்பேட்டை, அஸ்தம்பட்டி போன்ற நிலையங்கள் மாநகரக் காவல் ஆணையரின் கீழ் வரும். ஏற்காடு நிலையம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ். ஏற்காட்டுச் சம்பவத்துக்கு ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் அது சுற்றிச் சுற்றி வரும்.

எஃப்.ஐ.ஆர். போடுமுன் ஆரம்ப விசாரணை நடத்தச் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) வழி விடுகிறது, டி.எஸ்.பி. அனுமதியோடு, 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டுமே இது. சாதாரணத் திருட்டும் 316(2)உம் இதில் வரும். 306உம் 316(4)உம் சரியாக 7 ஆண்டு என்பதால் வராது. ரூ.5,000க்குக் குறைந்த பொருள், முதல் தடவை, பொருளோ அதன் மதிப்போ திருப்பித் தரப்பட்டது என்றால் 303இன் கீழ் சமூக சேவைதான் தண்டனை. ஆனால் 306இல் அந்த விலக்கு கிடையாது. புகார்களில் '306' என்று வலிந்து எழுதச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

306, 316(4) இரண்டும் ஜாமீனில் விட முடியாத குற்றங்கள். எஃப்.ஐ.ஆர். விழுந்துவிட்டது, அல்லது விழப்போகிறது என்று நியாயமான பயம் இருக்கிறது என்றால் சுரக்ஷா சன்ஹிதாவின் 482ஆம் பிரிவில் முன்ஜாமீன் கேட்கலாம். சேலம் மாவட்ட அமர்வு நீதிமன்றம் அஸ்தம்பட்டி வளாகத்தில் இருக்கிறது. அங்கே கிடைக்காவிட்டால் சென்னை உயர் நீதிமன்றம். சேலம் மதுரைக் கிளையின் எல்லையில் வராது. முன்ஜாமீன் மனுவோடு ராஜினாமாக் கடிதம், அதை ஏற்ற மின்னஞ்சல், பொறுப்பு ஒப்படைத்த பட்டியல், சம்பளப் பாக்கி கேட்டு அனுப்பிய செய்திகள் எல்லாம் சேர வேண்டும். சம்பளப் பாக்கி கேட்ட தேதிக்குப் பிறகுதான் திருட்டுப் புகார் பிறந்தது என்றால், அந்த இரண்டு தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைவிட நல்ல வாதம் கிடையாது.

கைது நடந்தே விட்டால்: காரணத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும், வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பாணையில் உறவினரோ ஊர்க்காரரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவச எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே உதவி உண்டு.

வீட்டைச் சோதனை போடும் அதிகாரம் முதலாளிக்கு அறவே இல்லை. எஸ்டேட் லைன் வீடாக இருந்தாலும், 'வீடு எங்களுது' என்று மேஸ்திரியை அனுப்பிப் பெட்டியைக் கொட்டிப் பார்க்க முடியாது. காவல்துறை சோதனைக்கும் உள்ளூர்ச் சாட்சிகள் இருவர், முழுக்க வீடியோப் பதிவு, எடுத்த பொருள்களின் பட்டியல், அதன் நகல் என்று விதிகள் இருக்கின்றன. லைன் வீட்டை வேலை முடிந்தபின் காலி செய்யத்தான் வேண்டும்; ஆனால் சாமானை வெளியே எறிவதும் தண்ணீரை நிறுத்துவதும் சட்டவழி அல்ல. முதலாளி கம்பெனியாகப் பதிவானவர் என்றால் கம்பெனிச் சொத்தைத் திருப்பித் தராமல் வைத்திருப்பதற்காகக் கம்பெனிச் சட்டத்தின் 452ஆம் பிரிவில் உங்கள்மேல் வழக்குப் போட முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். கம்பெனி லேப்டாப், போன், வண்டி எதையும் 'சம்பளம் வந்தால் தருகிறேன்' என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்து, இல்லாத வழக்கை நாமே உண்டாக்கிக் கொடுப்பவர்கள் உண்டு.

கேமரா பதிவு பற்றி ஒன்று. கடைகளின் பதிவுக் கருவிகள் இடம் தீர்ந்ததும் பழையதை அழித்து எழுதும். புகார் பற்றிக் கேள்விப்பட்ட அன்றே, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையிலான பதிவை அழிக்காமல் வைக்கும்படி முதலாளிக்கும், நிலையத்துக்கும் எழுதிவிடுங்கள். அவர்கள் தரப்பிலிருந்து இரண்டு நிமிடத் துண்டு மட்டும் வந்தால், மின்னணுப் பதிவுக்குச் சாக்ஷிய அதினியம் கேட்கும் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் எங்கே, முழுப் பதிவு எங்கே என்று வழக்கறிஞர் கேட்பார். பை எடுத்துக்கொண்டு நடந்து போவது மட்டும் தெரியும் காட்சி, பைக்குள் என்ன இருந்தது என்று சொல்லாது.

இனி வரவேண்டிய பணம். திருட்டுப் புகார் ஒரு பக்கம், சம்பளக் கணக்கு இன்னொரு பக்கம். ஒன்றுக்காக மற்றதை நிறுத்திவைக்க முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின்படி வேலை முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் ஊதியம் தீர்க்கப்பட வேண்டும். பொருள் இழப்புக்காகப் பிடித்தம் செய்வதானால், அந்தப் பொருள் வெளிப்படையாக அவர் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், அவருடைய கவனக்குறைவால் போயிருக்க வேண்டும், பிடிக்குமுன் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஊதியக் கோரிக்கையைத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் 3 ஆண்டுக்குள் போடலாம்.

பி.எஃப்.பில் முதலாளி கைவைக்கவே முடியாது. வேலை விட்ட தேதியை அவர் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதிந்துகொள்ளலாம். பணிக்கொடையில்தான் சிக்கல். ஒழுக்கக்கேடான குற்றம் என்று பணிநீக்கம் செய்திருந்தால் பறிக்க முடியும். அதற்குக் குற்றவியல் தண்டனை கூட அவசியமில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பறிப்பு பணிநீக்கத்தோடு கட்டப்பட்டது. நீங்கள் ராஜினாமா செய்து, அதை அவர் ஏற்று, பிறகு குறைவைக் கண்டுபிடித்தார் என்றால், இல்லாத வேலையிலிருந்து உங்களை நீக்க முடியாது. ராஜினாமாவை ஏற்றதற்கான எழுத்து ஆதாரத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதனால்தான். வாய்மொழியாக 'நாளையிலிருந்து வராதே' என்று நிறுத்தப்பட்டவர்கள் கடை ஊழியராக இருந்து ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். கெடு 30 நாள். பலரும் திருட்டுப் புகாரைச் சமாளிக்கும் பரபரப்பில் இந்த 30 நாளைக் கோட்டைவிடுகிறார்கள். படிப்புச் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதும் செல்லாது. அவை அடகுப்பொருள் அல்ல.

வழக்கு எப்படி முடியலாம்? விசாரித்து, குற்றம் நடக்கவில்லை என்று கண்டால் காவல்துறை முடித்துவைக்கும் அறிக்கை போடும். புகார்தாரருக்கு அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் போகும், அவர் நடுவரிடம் ஆட்சேபித்து மனுப் போடலாம். அந்த அறிக்கையின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். அடுத்த வேலையில் பின்புலம் சரிபார்க்கும்போது உங்கள் வார்த்தையைவிட அது பேசும். குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், 306, 316(4) இரண்டையும் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யச் சுரக்ஷா சன்ஹிதாவின் 359ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படி முடிந்தால் சட்டப்படி அது விடுதலை. நிலையத்தில் எழுதிக் கொடுத்த சமரசத்துக்கு அந்தப் பலன் கிடையாது. அடிப்படையே இல்லாத வழக்கு என்றால் அதே சன்ஹிதாவின் 528ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் கணக்குச் சண்டையில் சாட்சியத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் அங்கே எளிதில் ரத்தாகாது.

பெயர் கெட்டதற்கு? நல்லெண்ணத்தோடு காவல்துறையிடம் கொடுத்த புகார் அவதூறு ஆகாது. வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு 'இவன் திருடன், யாரும் வேலை தராதீர்கள்' என்று பரப்பினால் அதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை தண்டனை. காவல்துறை இதைப் பதியாது, நீதித்துறை நடுவரிடம் தனிப்புகார் போட வேண்டும், 3 ஆண்டுக்குள். திரைப்பிடிப்போடு, அதைக் குழுவில் பார்த்து உங்களுக்கு அனுப்பியவரும் சாட்சி சொல்ல வர வேண்டும் என்பதுதான் நடைமுறைக் கஷ்டம். பொய் என்று தெரிந்தே வழக்குப் போட்டால் அதே சன்ஹிதாவின் 248ஆம் பிரிவு இருக்கிறது. நட்டஈடு கேட்டு உரிமையியல் வழக்கும் போடலாம்: எழுத்தில் வந்த அவதூறுக்கு வெளியான நாளிலிருந்து ஓராண்டு, தீய நோக்கோடு வழக்கில் இழுத்ததற்கு விடுதலையான நாளிலிருந்து ஓராண்டு. விடுதலை உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கும் அன்றே இந்த இரண்டாவது தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நகல் கைக்கு வர நாளாகும், கெடு அதற்காகக் காத்திருக்காது.